மூன்றாம் மாதத்துக்குள் பதியுங்கள்: தாய்க்கும் சேய்க்கும் உள்ள இலவச மருத்துவ உதவிகள்



ஸ்ரீமதுரை, மண்வயல், தொரப்பள்ளி, பாடந்தொரை என்று நம் பகுதியில் எந்த வீட்டை எடுத்தாலும் வயநாட்டிலோ மலப்புறத்திலோ ஒரு சம்பந்தம் இருக்கும். இங்கிருந்து அங்கே வாழப்போன பெண்களும் உண்டு, அங்கிருந்து இங்கே மருமகளாக வந்தவர்களும் உண்டு. கர்ப்பமானதும் சில மாதம் புகுந்த வீடு, சில மாதம் தாய்வீடு என்று இருப்பது நம் வழக்கம். இப்படிப் போய் வருவதிலேயே எந்த ஊரிலும் பெயர் பதியாமல் ஏழெட்டு மாதம் ஓடிவிடுகிறது. நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களில் இதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அரசு இலவசமாகத் தருவதை வாங்காமல் விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் கடன் வாங்கி அலைகிறார்கள். இந்த இதழில் அந்த உதவிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதல் வேலை: பிக்மி எண்

கர்ப்பம் உறுதியானதும் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிய வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவது முக்கியம். பதிந்தவுடன் 12 இலக்கத்தில் ஓர் எண் கிடைக்கும். இதைத்தான் எல்லோரும் பிக்மி எண் என்கிறார்கள். பரிசோதனை, உதவித்தொகை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் இந்த எண்ணைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் காட்டுபவர்களும் இதைப் பதிய வேண்டும்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போவதாக இருந்தால், கிளம்பும் முன் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரே பையில் கூடவே போகட்டும். வலி வந்து போகும் இடத்தில் இருக்கும் டாக்டருக்கு உங்களைத் தெரியாது. அந்தப் பையைப் பார்த்துத்தான் ரத்த வகையும் ரத்த அழுத்தமும் முந்தைய சிசேரியனும் அவருக்குத் தெரியவரும்.

கர்ப்ப காலப் பரிசோதனை

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் ரத்தம், சிறுநீர், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகிய பரிசோதனைகளுக்குப் பணம் இல்லை. தடுப்பூசியும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் இலவசம். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை டாக்டர் பார்ப்பதற்கென்றே 2016 முதல் ஒரு திட்டம் நடக்கிறது.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் ரத்தசோகை என்று பொருள். மூன்றாம் மாதத்தில் தெரிந்தால் மாத்திரையாலும் உணவாலும் சரிசெய்ய நேரம் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் தெரிந்தால் ஊசியும் ரத்தமும் ஏற்ற வேண்டிவரும். மாத்திரை போட்டால் மலம் கறுக்கிறது, குமட்டுகிறது என்று பலர் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். மலம் கறுப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம். மாத்திரையோடு தேநீர் மட்டும் வேண்டாம், அது இரும்புச்சத்தை உடலில் சேர விடாது. தேயிலைத் தோட்டத்து ஊரில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

18,000 ரூபாய் உதவி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. இதில் 14,000 ரூபாய் தவணைகளாகத் தாயின் வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்குச் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் கொண்ட ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு முறை தருவார்கள். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே இந்த உதவி உண்டு. பிரசவத்துக்குரிய தவணையைப் பெற அரசு மருத்துவமனையில் பிரசவம் நடந்திருக்க வேண்டும்.

பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காகிதமே காரணம். ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறு பெயர், கணக்கு கணவர் பெயரில், ஆதார் இணைக்கவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவற்றை முதல் மாதங்களிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

பிரசவம்: தூரத்தை முன்பே கணக்கிடுங்கள்

2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமும் சிசேரியனும் முழுக்க இலவசம். மருந்து, ரத்தம், பரிசோதனை, தங்கும்போது உணவு எதற்கும் பணம் கிடையாது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கும் போக 108 ஊர்தி உண்டு. குழந்தையோடு வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தி உண்டு. பிறந்த குழந்தைக்கு நோய் வந்தால் ஒரு வயது வரை சிகிச்சை இலவசம்.

இவ்வளவு இருந்தும் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்ற பேச்சு இப்போது சிலரிடம் பரவுகிறது. 2025 ஏப்ரலில் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு சகோதரி ஐந்தாவது குழந்தையை வீட்டில் பெற்று, ரத்தப்போக்கால் இறந்தார். முன்பு பிரசவங்கள் நன்றாக நடந்தன என்பது அடுத்த பிரசவத்துக்கு உத்தரவாதம் ஆகாது. பிரசவத்துக்குப் பின் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்கூட உயிர் போகலாம். கூடலூரில் இருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. மழைக்காலத்தில் மரம் விழுந்து வழி அடைபடும். இரவில் யானை ரோட்டில் நிற்கும். நம் ஊரில் வலி வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

எனவே எட்டாம் மாதத்திலேயே மூன்றை முடிவு செய்யுங்கள்: எந்த மருத்துவமனை, இரவில் யாருடைய வண்டி, ரத்தம் தர யார். ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், கடும் ரத்தசோகை இருந்தால் கூடலூரா, ஊட்டியா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வழி கடினமான இடத்தில் இருப்பவர்கள் தேதிக்குச் சில நாள் முன்பே மருத்துவமனை அருகில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடலாம். கடும் தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், ரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பிரசவ அறையில் தனியாக இருக்க வேண்டுமே என்று கூச்சப்படும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. பெண் உறவினர் ஒருவர் பிரசவத் துணையாக உடன் இருக்கத் தமிழக அரசு மருத்துவமனைகளில் வழி உண்டு. உம்மாவோ மாமியோ யார் வருவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் குழந்தைக்கு நரம்பைத் தாக்கும் நோய் வர வாய்ப்பு உண்டு, அதனால் நாக்கில் தேன் தடவுவதைத் தவிர்க்க வேண்டும். தஹ்னீக் செய்ய விரும்புவோர் டாக்டரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

நாற்பது நாளும் தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீரும் நல்ல உணவும் கூடுதலாகவே தேவை. ரமலான் வந்தால், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிகள் பிறந்த அன்று, 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், பிறகு ஒன்றரை வயதை ஒட்டிப் போடப்படும். எல்லாம் இலவசம். குழந்தைக்கு இதயக் கோளாறோ காது கேளாமையோ இருப்பதாகத் தெரிந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். வீட்டை அடகு வைக்கும் முன் அதைக் கேளுங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைக்கிறோம், ஆனால் சான்றிதழில் பெயரைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். ஓராண்டுக்குள் சேர்த்தால் அதற்கும் கட்டணம் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது அலைய வேண்டாம்.

உங்களிடம் கேட்பது

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் இன்றே ஒரு கேள்வி கேளுங்கள்: பதிந்தாயிற்றா? இல்லை என்றால் கணவரோ மாமியாரோ கூடப் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். விவரம் கேட்க 104 என்ற எண்ணை அழைக்கலாம். காகிதத்தில் சிக்கல் இருந்தால் நம் அறக்கட்டளைக்குக் கொண்டுவாருங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து சரிசெய்வோம். நம் தாய்மார்களையும் பச்சிளம் குழந்தைகளையும் அல்லாஹ் நல்ல சுகத்தோடு வைப்பானாக. ஆமீன்.