இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரையில் மிதிவண்டிப் பயணம்

இராமநாதபுரம் மாவட்டம் மேடு பள்ளம் அதிகமில்லாத சமவெளி. மலை இல்லை, வைகையும் கடலும் கண்மாய்களும் பனங்காடுகளும் உப்பளங்களும் உள்ளன. இந்த நில அமைப்பு மிதிவண்டிப் பயணத்திற்கு மிகவும் ஏற்றது. ஆனால் மிதிவண்டிக்கென்று ஒதுக்கப்பட்ட நெடும்பாதை எதுவும் இங்கு இல்லை. வாகன நெரிசல் குறைந்த சாலைகளும் கரைவழிகளுமே அந்த இடத்தை நிரப்புகின்றன. அவற்றுள் பெயர் பெற்றது தனுஷ்கோடி – அரிச்சல்முனைச் சாலை.

வாகனமில்லாப் பாதைகள்

மோட்டார் வாகனங்களுக்கு இடமளிக்காமல், நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் மட்டும் உரிய நெடும்பாதைகள் ஐரோப்பாவில் பல உள்ளன. இவற்றில் பெரும்பகுதி கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளின் மேல் அமைந்தவை. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கும் பழைய ஊர்களுக்கும் நடுவே ஓடிய ஓர் இருப்புப்பாதை 1997-இல் மிதிவண்டிப் பாதையாகத் திறக்கப்பட்டது. ஜிவ்ரி முதல் க்ளூனி வரை அதன் நீளம் சுமார் 44 கி.மீ. ஸ்பெயினில் இதே நோக்கத்துடன் 1993-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது.

இருப்புப்பாதை இதற்குப் பொருந்துவதற்குக் காரணம் எளியது. தொடர்வண்டியால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. ஆகவே தடம் மிக மெதுவாகவே உயர்ந்து தாழும். அந்தத் தடத்தில் சிறுவரும் முதியவரும் கூடக் களைப்பின்றி மிதிக்கலாம்.

கடல் கொண்டுபோன இருப்புப்பாதை

இராமேசுவரம் தீவிலும் அப்படியொரு கைவிடப்பட்ட தடம் உண்டு. 1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. பாம்பன் சந்திப்பிலிருந்து ஒரு கிளை வடக்கே இராமேசுவரத்திற்கும், சுமார் 24 கி.மீ. நீளமுள்ள மற்றொரு கிளை தனுஷ்கோடிக்கும் சென்றன. சென்னை எழும்பூரில் புறப்பட்ட ‘போட் மெயில்’ பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பை அடைந்தனர்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் இந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சேதமடைந்த பாம்பன் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக் கிளையோ கைவிடப்பட்டது. ஊரும் மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவிக்கப்பட்டது. அப்பாதையை மீண்டும் அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டும் பணி நிறைவேறவில்லை.

பர்கண்டியில் இரயில் நின்றது, தடம் எஞ்சியது. இங்கே தடமே பல இடங்களில் மணலுக்குள்ளும் நீருக்குள்ளும் போய்விட்டது. அதனால்தான் ஐரோப்பிய முறையை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது.

அரிச்சல்முனைச் சாலை

புயலுக்குப் பின் அரை நூற்றாண்டுக் காலம், முகுந்தராயர் சத்திரத்திற்கு அப்பால் சாலை இல்லை. சுற்றுலாப் பயணிகள் மணலிலும் சேற்றிலும் ஓடும் வேன்களிலும் ஜீப்புகளிலும் சென்றனர், மற்றவர்கள் நடந்தனர். முகுந்தராயர் சத்திரம் முதல் அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. நீளத்திற்குப் போடப்பட்ட புதிய சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. இராமேசுவரத்திலிருந்து முனை வரை ஒரு வழிக்குச் சுமார் 20 கி.மீ.

வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயில் 1964 புயலிலும் நிலைத்து நின்றது. அதைத் தாண்டிச் சென்றால் பழைய தனுஷ்கோடியின் தேவாலயம், இரயில் நிலையம் ஆகியவற்றின் இடிபாடுகள் உள்ளன. பிறகு நிலம் குறுகி, சாலையின் இரு பக்கமும் கடலாகிறது. வடக்கே அமைதியான பாக் நீரிணைப் பக்கத்தை உள்ளூர் மீனவர்கள் பெண் கடல் என்பர். தெற்கே அலை மிகுந்த மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பர். முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுதான்.

இச்சாலை வாகனமில்லாச் சாலை அன்று. விடுமுறை நாள்களில் கார்களும் வேன்களும் வரிசையாக நிற்கும். விடியற்காலையில்தான் மிதிவண்டிக்கு வழி கிடைக்கும். மாலைக்குப் பின் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் திரும்பும் நேரத்தையும் கணக்கிட வேண்டும்.

வைகையும் கண்மாய்க் கரைகளும்

கடற்கரையை விட்டு உள்ளே வந்தால், அதிகம் அறியப்படாத வழிகள் தொடங்குகின்றன. வைகை மதுரையைக் கடந்து இம்மாவட்டத்தின் கண்மாய்களை நிரப்புகிறது. எஞ்சும் நீர் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே கடலில் சேர்கிறது. அதன் பக்கத்தில் உள்ள அழகன்குளம் பழங்காலத் துறைமுகம். 1986-87 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் உரோமானிய நாணயங்களும் மட்கலன்களும் கிடைத்தன. தெற்கே திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, பெரியபட்டினம், வடக்கே நவபாஷாணம் உள்ள தேவிபட்டினம், தென்மேற்கே உத்தரகோசமங்கை. இவை யாவும் இராமநாதபுரத்திலிருந்து ஒரே நாளில் மிதிவண்டியில் போய் வரக்கூடிய ஊர்கள்.

கண்மாய்க் கரைகளில் வாகனம் அரிது. இராசசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று மக்கள் சொல்வது வழக்கம். ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு பெரிது என்பது பொருள். மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்தங்கல் ஆகிய நான்கு பறவைகள் சரணாலயங்களும் ராம்சார் ஈரநிலங்கள், நான்கும் கண்மாய்களே. சக்கரக்கோட்டை இராமநாதபுரம் நகரை ஒட்டியே உள்ளது.

பர்கண்டியில் திராட்சைக்கு உள்ள இடம் இங்கு முண்டு மிளகாய்க்கும் பனைக்கும் உரியது. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அறுவடைக் காலத்தில் களங்களிலும் சாலையோரங்களிலும் காயப்போட்ட மிளகாய் சிவப்பாகப் பரந்து கிடக்கும். பனங்காட்டு ஊர்களில், பருவத்தில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவர்.

காற்று, மணல், முள்

ஏற்றம் இல்லாத நாட்டில் மிதிவண்டிக்கு மலையாக நிற்பது காற்று. காற்றின் தடை, சார்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். காற்றே இல்லாதபோது மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவர், அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் 30 கி.மீ. வேகக் காற்றைச் சந்திக்கிறார். தடை நான்கு மடங்காகிறது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே இராமேசுவரம் போகும்போது காற்று பின்னிருந்து தள்ளும், திரும்பும்போது மறிக்கும். அரிச்சல்முனைச் சாலை தென்கிழக்காகச் செல்வதால், அங்கே இரு பருவங்களிலும் பெரும்பாலும் பக்கக்காற்றுதான். அது வண்டியைச் சாலையின் நடுவுக்கோ விளிம்புக்கோ ஒதுக்கும்; மணலையும் சாலைமேல் கொண்டுவந்து கொட்டும். மணற்படிவில் சக்கரம் வழுக்கும் என்பதால் இறங்கித் தள்ளுவதே நல்லது. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் நடுப்பகுதிதான் வழியில் உள்ள ஒரே ஏற்றம். காற்றின் முழு வேகமும் அங்கே உணரப்படும்.

உள்நாட்டு வழிகளில் சீமைக் கருவேல முள் டயரைத் துளைக்கும். மாற்று டியூபும் கைப்பம்பும் இல்லாமல் கண்மாய்க் கரையில் ஏறக்கூடாது. கடல் உப்பு சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும்; பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் இட வேண்டும். குடிநீரை உடன் கொண்டு போக வேண்டும். தனுஷ்கோடி மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதுண்டு. மழைநீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மணலுக்குள் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. அந்த அடுக்கு சிறியது. அது அங்கு வாழ்வோருக்கே அளவாக உள்ளது.

யாருக்கான பாதை

இம்மாவட்டத்தில் மிதிவண்டி முதலில் பொழுதுபோக்கு அன்று. வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வாகனம். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் மாணவ மாணவியர் பலர், யாத்திரை வேன்களும் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே செல்ல வேண்டியுள்ளது. நெடுஞ்சாலை ஓரத்தில் தனித் தடமும், ஊர்களை இணைக்கும் கண்மாய்க் கரைகளில் செப்பனிட்ட வழியும் அமைந்தால், சுற்றுலாப் பயணியைவிட அவர்களுக்கே பயன் அதிகம்.

அதே வேளையில் தனுஷ்கோடிக்குக் கூடுதல் கட்டுமானம் ஏற்றதா என்பதையும் எண்ண வேண்டும். தெற்கே உள்ள கடல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தைச் சேர்ந்தது. வடக்கே ஆழமற்ற நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூடுகின்றன. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு அப்பகுதியைப் பூநாரைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைகளைக் கலைப்பது இரைச்சலும் கூட்டமும்தான். புதிய சாலை போடாமல், இருக்கும் 9.5 கி.மீ. சாலையில் காலை நேரத்திலாவது சுற்றுலா வாகனங்களை நிறுத்தி, மீனவர்களின் வண்டிகளுக்கும் மிதிவண்டிக்கும் மட்டும் வழிவிடுவது குறைந்த செலவில் செய்யக்கூடியது. ஒரு புயல் ஓர் இரவில் அழித்த நிலம் அது. அதன்மேல் ஏற்றும் பாரம் குறைவாக இருப்பதே நல்லது.