தோளைத் தூக்கினால் முழங்கை ஏன் மடங்குகிறது?

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்து, சில வாரங்களில் ஓரளவு அசைவு திரும்பிய ஒருவர், மேசைமேல் இருக்கும் தம்ளரை எடுக்க முயல்வதைக் கவனியுங்கள். தோள் மேலே எழும்பும். கூடவே, அவர் நினைக்காமலேயே முழங்கை மடங்கும், மணிக்கட்டு உள்ளே வளையும், விரல்கள் இறுக மூடிக்கொள்ளும். தம்ளரை நோக்கி நீள வேண்டிய கை நெஞ்சுப் பக்கம் வந்துவிடும். "கையில் இன்னும் பலம் வரவில்லை" என்பார்கள் வீட்டில். பலம் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் முழங்கையை மடக்கும் அளவுக்குப் பலம் அதே கையில் இருக்கிறதே! அதைவிடப் பெரிய இழப்பு, தசைகளைத் தனித்தனியே ஏவும் திறன்.

நலமாக உள்ளவரை அந்தத் திறனை நாம் உணர்வதே இல்லை. தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கையைப் புரட்ட ஒன்று, மணிக்கட்டில் இரண்டு என, விரல்களைச் சேர்க்காமலே கை ஏழு வகையில் அசையும். ஒரே தம்ளரை எண்ணற்ற வழிகளில் எட்டலாம். 1920-களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு நிறுவனத்தில் நிக்கோலாய் பெர்ன்ஷ்டைன், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளர்களின் உடலில் சின்ன விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். கைதேர்ந்தவர் ஒவ்வொரு அடியையும் அச்சு மாறாமல் அடிப்பதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். படத்தில் தெரிந்தது வேறு. சுத்தியலின் முனை ஏறக்குறைய ஒரே பாதையில் போனது; தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அடிக்கு அடி மாறின. ஒரு மூட்டு சற்று விலகினால் இன்னொன்று அதை ஈடுகட்டியது. கைத்திறன் என்று நாம் மெச்சுவது இந்த ஈடுகட்டலைத்தான்.

ஈடுகட்ட வேண்டுமானால் மூட்டுகள் ஒன்றையொன்று கட்டிப்போடாமல் இருக்க வேண்டும். பெருமூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைதான் அந்த நுணுக்கத்தைத் தருகிறது. பக்கவாதம் அதைச் சிதைக்கும்போது, மூளைத்தண்டிலிருந்து வரும் பழைய பாதைகள் அந்த வேலையை ஏற்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவை கிளை கிளையாகப் பிரிந்து பல தசைகளை ஒருசேரத் தொடுபவை. தோளைத் தூக்கும் ஆணை முழங்கையை மடக்கும் தசைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூல்ஸ் தேவால்ட் குழுவினர் இதை அளந்து காட்டினார்கள். கையின் எடையைக் கருவி தாங்கிக்கொண்டபோது, நோயாளியால் கையைக் கணிசமான தூரம் நீட்ட முடிந்தது. தாங்கலைக் குறைத்து, எடையைத் தோளே சுமக்கும்படி விட்டபோது எட்டும் தூரம் படிப்படியாகச் சுருங்கியது. கை அதே கைதான், ஆளும் அதே ஆள்தான். தோளின் சுமை மட்டுமே மாறியது. பக்கவாத ஆய்வுகளில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது இதுதான். நீட்டும் திறன் செத்துவிடவில்லை, சுமைக்கடியில் மறைந்திருக்கிறது. எனவே முதலில் எடையைத் தாங்கிக்கொடுத்து நீட்டப் பழக்கி, பிறகு தாங்கலைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். மேசைமேல் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளும் எளிய பயிற்சியிலும் இதே தத்துவம்தான் இருக்கிறது.

காலில் பிணைப்பு வேறு மாதிரி. நடக்க முயலும்போது முழங்கால் விறைத்து நீளும், பாதம் கீழ்நோக்கித் தொங்கும். அடியெடுத்து வைக்க மடங்க வேண்டிய கால் மடங்காததால், பக்கவாட்டில் அரைவட்டம் போட்டு வீசி நடக்கிறார்கள். ஆனால் அந்த விறைப்பே உடலைத் தாங்கி நிற்கவும் உதவுகிறது. கைக்கு அப்படி ஒரு ஆதாயமும் இல்லை.

விழுந்த கைக்கு இன்னொரு ஆபத்து, நல்ல கை. எல்லா வேலையையும் அதுவே செய்துவிடும். மற்றது பயன்படுத்தப்படாமலே மறக்கப்படும். எட்வர்ட் தாப் வகுத்த சிகிச்சையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவார்கள். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு வாரம் இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களின் கையைவிட மேம்பட்டது. ஓராண்டு கழித்தும் அந்த வேறுபாடு தெரிந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது விரிக்க முடிந்தவர்களுக்கே இது பொருந்தும்.

நம் வீடுகளில் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு மூடுவதைவிட விரிப்பதுதான் கடினம். விரித்து, பிடித்து, விடும் வேலைகளைத் தருவது மேல் என்று நினைக்கிறேன். எது யாருக்கு என்பதை இயன்முறை சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எத்தனை முறை செய்வது என்பதும் முக்கியம். கேத்தரின் லாங் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிகிச்சை அமர்வில் கை சராசரியாக 32 முறைதான் பயனுள்ள வேலையைப் பழகியது. மூளையில் மாற்றம் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை. மீதியை வீட்டில்தான் செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும் நாளில், எந்த அசைவை எத்தனை முறை, கைக்கு எவ்வளவு தாங்கலுடன் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.