மோனிக்காவும் மாறினார்

ஆகஸ்ட் 27 புனித மோனிக்கா திருநாள். மறுநாள் அவர் மகன் அகுஸ்தீனாருக்கு. பிள்ளை கோயில் பக்கமே வருவதில்லை, பேசினாலே சண்டை என்று நொந்துபோகும் தாய்மாருக்கு, மோனிக்காவைப் போல அழுது செபியுங்கள் என்று ஆறுதல் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாய் எவ்வளவு தூரம் மாறினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே அவர்கள் ஊர். 354இல் பிறந்த அகுஸ்தீனார், கார்த்தேஜுக்குப் படிக்கப் போன இடத்தில் மணம் முடிக்காமலே ஒரு பெண்ணோடு வாழ்ந்தார். ஒரு மகனும் பிறந்தான். போதாததற்கு மானிகேய மார்க்கத்தில் சேர்ந்து, தாயின் விசுவாசத்தை ஏளனம் செய்தார். ஊர் திரும்பிய மகனோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவும் மோனிக்கா மறுத்துவிட்டார்.

பிறகு ஒரு கனவு. தான் நிற்கும் மரச்சட்டத்தின் மீதே மகனும் நிற்பதாகக் கண்டார். கண் விழித்ததும் மகனை வீட்டில் சேர்த்துக்கொண்டார். மகன் அப்போது துளிகூடத் திருந்தியிருக்கவில்லை. இன்னும் பல ஆண்டுகள் மானிகேயராகவே இருந்தார். திருந்தி வா, பிறகு சோறு போடுகிறேன் என்று அந்தத் தாய் காத்திருக்கவில்லை. இந்தக் கதையில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

ஓர் ஆயரிடம் போய், என் மகனிடம் வாதாடிப் புத்தி சொல்லுங்கள் என்று மன்றாடினார். அந்த ஆயரும் சிறுவயதில் மானிகேயர்களிடையே வளர்ந்தவர். இப்போது சொன்னால் ஏறாது, படித்துப் படித்துத் தானே தெரிந்துகொள்வான், நீ செபித்துக்கொண்டிரு என்றார். பிள்ளையைச் சும்மா விடு என்று கேட்பது எந்தத் தாய்க்கும் எளிதல்ல.

மோனிக்காவாலும் முடியவில்லை. 383இல் அகுஸ்தீனார் ரோமுக்குப் புறப்பட்டபோது துறைமுகம் வரை தொடர்ந்து வந்தார். நண்பரை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொன்ன மகன், அவர் புனித சிப்ரியான் சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருந்த இரவில் கப்பலேறிவிட்டார். விடிந்ததும் மோனிக்கா கடற்கரையில் கதறினார். பின்னர் மகன் ரோமிலிருந்து மிலானுக்குப் போக, அவரும் கடல் கடந்து அங்கேயே வந்து சேர்ந்தார்.

அங்கே நடந்த ஒன்றைத் திருநாள் மறையுரைகளில் கேட்க முடிவதில்லை. மகனுக்கு முறையான திருமணம் செய்துவைக்க மோனிக்கா முனைந்தார். அதற்காக அத்தனை வருடம் கூட வாழ்ந்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். பிள்ளை அப்பாவிடமே நின்றான். தன் இதயம் கிழிந்து ரத்தம் கசிந்ததாக அகுஸ்தீனாரே எழுதுகிறார், ஆனால் அவள் பெயரை எங்கும் எழுதவில்லை. நிச்சயித்த திருமணமும் நடக்கவில்லை. அவளும் ஒரு தாய். அவளை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

386இல் அகுஸ்தீனார் மனம் திரும்பினார். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நண்பரின் பண்ணை வீட்டில் தங்கி, மாணவர்களோடும் உறவினரோடும் மெய்யியல் விவாதித்தார். அந்த உரையாடல்கள் நூல்களாகியுள்ளன; அவற்றில் மோனிக்காவும் பேசுகிறார். பெண்ணான என்னையா இதிலெல்லாம் எழுதுவது என்று அவர் தயங்க, உங்கள் சிந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது என்று மகன் எழுத வைக்கிறார். மகனுக்காகப் பிறரைப் பேசச் சொன்ன தாய் இப்போது பேசுகிறார். ஓடி ஒளிந்த மகன் உட்கார்ந்து கேட்கிறார். உறவு குணமானது இங்கேதான் என்பேன்.

387 பாஸ்கா இரவில் மிலானில் அகுஸ்தீனாரும் அவர் மகனும் திருமுழுக்குப் பெற்றார்கள். ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியாவில் காய்ச்சல் கண்டு, 56ஆம் வயதில் மோனிக்கா இறந்தார். கணவர் பத்ரீசியுஸின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று வெகுகாலம் ஆசைப்பட்டவர், கடைசியில் அதையும் விட்டுவிட்டார்: எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், பலிபீடத்தில் என்னை நினைத்தால் போதும் என்றார். மகன் தன்னிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொன்னதில்லை என்று நோய்ப்படுக்கையில் பாராட்டவும் செய்தார். துறைமுகப் பொய்யை அவர் கணக்கில் வைத்திருக்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து இதையெல்லாம் எழுதிய அகுஸ்தீனார், படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறார்: பலிபீடத்தில் மோனிக்காவை நினைக்க வேண்டும், முன்கோபக்காரரான தந்தை பத்ரீசியுஸையும் சேர்த்து நினைக்க வேண்டும்.