வாவிக்கு இரு கரை, உடலுக்கு ஒரு கடிகாரம்

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கங்களுக்கும் நம் முன்னோர் சூரியனை வைத்தே பெயரிட்டார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. காத்தான்குடியில் வாழும் நாம் எழுவான்கரையார். நடுவில் இருப்பது தோணியில் கடக்கக்கூடிய தண்ணீர்தான். ஆனால் ஒரு பத்து வருட காலம் அந்தத் தண்ணீரைக் கடந்தால் நேரமும் மாறியது என்றால் இன்றைய மாணவிகள் பலர் நம்பமாட்டார்கள்.

1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே தொடர்ந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி அப்போது அவர்கள் வசம். அங்கே எட்டு மணி என்றால் இங்கே எட்டரை.

"அக்கரைக்குப் போய்வந்தால் தூக்கம் குழம்புமா?" என்று வாப்பாவிடம் கேட்டேன். "வெயில் ரெண்டு கரைக்கும் ஒண்டுதானே புள்ள" என்றார். 'ஜெட் லாக்' எனப்படும் விமானப் பயணக் களைப்பைப் பற்றி நான் வாசித்தவற்றின் சாரம் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. உடல் நம்பியிருப்பது கைக்கடிகாரத்தை அல்ல, வெளிச்சத்தை.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புக் கலங்கள் சேர்ந்த ஒரு சிறு பகுதி உண்டு. அதுதான் தலைமைக் கடிகாரம். ஈரல், குடல், இருதயம் எல்லாவற்றுக்கும் சொந்தக் கடிகாரங்கள் இருந்தாலும் அவற்றை ஒழுங்குபடுத்துவது இதுவே. இருட்டினால் மெலட்டோனின் சுரக்கச் செய்து தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்துவதும், பின்னிரவில் உடல் வெப்பத்தைத் தாழ்த்துவதும், விடியுமுன் கோர்ட்டிசோலை உயர்த்தி எழுப்புவதும் இதன் ஏற்பாடுதான். வெளிச்சமே இல்லாவிட்டாலும் இது ஓடும். 1729இல் பிரான்சின் விஞ்ஞானி டி மெரான், தொட்டாச்சுருங்கிச் செடியை இருட்டறைக்குள் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலேயே அது பகலில் இலை விரித்து இரவில் மூடியது. நம் வளவுகளில் காலில் மிதிபடும் அதே செடிதான்! உயிரினங்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை மரபணு மட்டத்தில் காட்டிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரின் உட்கடிகாரம் 24 மணித்தியாலத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்தே ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் பிந்தித் தூங்குவது அதற்கு இலகு, முந்தித் தூங்குவது கடினம். மேற்கே பறப்பவரைவிடக் கிழக்கே பறப்பவர் அதிகம் சிரமப்படுவது இதனால்தான். கட்டாரிலிருந்து வரும் வாப்பாமாருக்கு வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். ஓரிரு நாள் கொட்டாவியோடு சமாளித்துவிடுகிறார்கள். லண்டனிலிருந்து டிசம்பரில் வருபவருக்கோ ஐந்தரை.

என் காக்கா அப்படித்தான் எட்டு நாள் லீவில் வந்தார். ஸுபஹ் பாங்கு சொல்லும்போதுதான் அவருக்குக் கண் சொருகும். லண்டனில் அது இரவு பதினொன்றரை. காலை எட்டரைக்குச் சொந்தக்காரர் பார்க்க வந்தார்கள். அவர் உடலுக்கு அது நள்ளிரவு கடந்த மூன்று மணி. பேச்சுக்குப் பதில் இல்லை, சிரிப்பு இல்லை. உம்மா வைத்த சோறும் இறங்கவில்லை. குடலுக்கும் விடிந்திருக்க வேண்டுமே. "வெளிநாடு போனதும் மனிசர மதிக்கத் தெரியல்ல" என்று ஒரு மாமி மனம் நொந்து எழுந்து போனார். அந்த மனத்தாங்கல் இன்றும் தீரவில்லை. உட்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் நகரும் என்று அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் சொல்லியிருப்போம்.

வெளிச்சத்தைப் பயன்படுத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உடல் வெப்பம் ஆகத் தாழ்ந்திருக்கும் நேரம், வழக்கமாக எழும்புவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னே இழுக்கும். லண்டனில் காலை ஏழுக்கு எழும்புபவருக்கு அந்த நேரம் நம் ஊரில் காலை பத்து மணியளவில் வரும். வாப்பாவோ நல்லெண்ணத்தில் காக்காவை ஆறு மணிக்கே வாவிக்கரைக்கு நடக்கக் கூட்டிப் போனார். அந்த வெயில் அவரை இன்னும் லண்டன் பக்கமே இழுத்திருக்கும். முதல் நாள் பத்தரை வரை நிழலில் இருந்துவிட்டு, அதன் பின் நல்ல வெயிலில் நிற்பதும், அடுத்தடுத்த நாட்களில் அதை ஒவ்வொரு மணித்தியாலமாக முந்துவதும்தான் சரியான வழி.

இரண்டு விடயங்கள் வெறும் கொட்டாவியோடு முடிவதல்ல. கட்டுநாயக்கவிலிருந்து ஊர்வரை ஏறக்குறைய 300 கிலோமீற்றர். வந்திறங்கியவர் கையில் வாகனச் சாவியைக் கொடுக்காதீர்கள். இன்சுலின் போடும் உம்மாமாரைப் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு அழைத்தால், எந்த நேரத்தில் எவ்வளவு போடுவது என்பதைப் புறப்படுமுன்னரே வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

விமானம் ஏறாமலும் இந்தக் களைப்பு வரும். இரவு இரண்டு மணி வரை கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இருக்கும் உயர்தர மாணவியின் கடிகாரமும் பின்னே போகிறது. பரீட்சை மண்டபத்தில் காலை எட்டரைக்கு அவள் உடலுக்கு இன்னும் சரியாக விடிந்திருக்காது. மூன்று மணித்தியாலம் பின்னே போன கடிகாரத்தை முன்னே கொண்டுவரக் குறைந்தது மூன்று நான்கு நாட்களாவது வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு மட்டும் நேரத்தோடு படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.