கடல் கடந்த முன்கள வீரர்: ரால்ஃப் க்ரூகரும் சுவிஸ் ஐஸ் ஹாக்கியும்

ஐஸ் ஹாக்கிக்கு மிகுதியான ஆட்டக்காரர்களை அளித்த நாடு கனடா என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அங்கே ஆட்டத்தைக் கற்று, அங்கே தமக்கு இடம் கிடைக்காமல் ஐரோப்பாவுக்குச் சென்ற கனடியர்கள், அந்தக் கண்டத்தின் சிறு நாடுகளில் ஆட்டத்தின் தரத்தையே உயர்த்தினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத வரலாறு. அந்த வரலாற்றில் முதன்மையான இடம் பெறத் தகுந்தவர் ரால்ஃப் க்ரூகர். 1959ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, கனடாவின் மானிடோபா மாநிலத் தலைநகரான வின்னிபெக்கில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த இவர், முன்கள வீரராக ஆடத் தொடங்கிப் பின்னர் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பயிற்சியாளராகப் பெயர் பெற்றார்.

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணியின் சார்பில் ஒரே நேரத்தில் ஆறு பேர் களத்தில் இருப்பர்: ஒருவர் கோலி, இருவர் தற்காப்பாளர், மூவர் முன்கள வீரர். ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டை எதிரணியின் வலைக்குள் செலுத்துவது முன்கள வீரரின் முதற்கடமை; சறுக்குக் காலணியில் முழு வேகத்துடன் ஓடுவது உடலை விரைவில் களைக்கச் செய்வதால், மூன்று முன்கள வீரர் கொண்ட ஒரு வரிசை ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே களத்தில் நின்று, அடுத்த வரிசைக்கு வழிவிட்டு வெளியேறும். எந்த வரிசையை எப்போது அனுப்புவது என்று ஆட்டம் முழுவதும் நொடிக்கு நொடி முடிவு செய்வது பயிற்சியாளரே என்பதால், அவருடைய கை இந்த ஆட்டத்தின் போக்கில் மிகுதியாகவே தெரியும்.

க்ரூகர் இளம் வயதில் கனடாவின் மேற்குப் பகுதி ஜூனியர் லீகில் நியூ வெஸ்ட்மின்ஸ்டர், கல்கரி அணிகளுக்காக ஆடினார். ஜூனியர் லீக் என்பது ஏறத்தாழ இருபது வயது வரை உள்ளவர்களுக்கான களம். அதைக் கடந்தவுடன், வட அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறை லீகான என்.எச்.எல். இடம் தர வேண்டும், இல்லையெனில் கீழ்நிலை லீகுகளில் குறைந்த ஊதியத்திற்கு ஆட வேண்டும். மூன்றாவது வழி ஐரோப்பா. அங்குள்ள லீகுகள் ஒவ்வோர் அணியும் எத்தனை வெளிநாட்டவரைச் சேர்க்கலாம் என்று வரம்பு வைத்திருந்தமையால், ஐரோப்பிய வம்சாவளியினால் அந்நாட்டுக் குடியுரிமை பெறக்கூடிய கனடியர்களைக் கழகங்கள் ஆர்வத்துடன் தேடின. பெற்றோர் வழியில் ஜெர்மன் உரிமை கொண்டிருந்த க்ரூகரால், கனடாவில் கற்ற ஆட்டத்தை உள்நாட்டு வீரர் என்ற தகுதியுடன் ஆட முடிந்தது இதனால்தான். டூசல்டார்ஃப், இசர்லோன் முதலிய நகரங்களின் அணிகளுக்காக ஆடிய அவர், மேற்கு ஜெர்மனியின் தேசிய அணியிலும் இடம்பெற்று 1981, 1986 உலகப் போட்டிகளில் பங்கேற்றார்.

ஆட்டக்காரராக அவர் மிகச் சிறந்தோர் வரிசையில் வைக்கத்தக்கவர் அல்லர். அவருடைய உண்மையான திறமை பயிற்சியில்தான் வெளிப்பட்டது. ஆஸ்திரியாவின் மேற்கு மூலையில், சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளின் எல்லையை ஒட்டியுள்ள ஃபெல்ட்கிர்க் என்ற சிறு நகரத்தின் அணியை 1990களின் தொடக்கத்தில் ஏற்று, 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை ஆஸ்திரியச் சாம்பியன் பட்டத்தை வெல்லச் செய்ததோடு, 1998இல் ஐரோப்பிய ஹாக்கி லீகின் இறுதிப் போட்டியில் மாஸ்கோ டைனமோ அணியையே தோற்கடிக்கச் செய்தார். ரஷ்யப் பெருநகர அணி ஒன்றை அச்சிறு நகரத்து அணி வென்றது ஐரோப்பிய ஹாக்கியில் அரிய நிகழ்வு.

அதற்குள்ளாகவே, 1997இல், சுவிட்சர்லாந்தின் தேசிய அணிப் பொறுப்பு அவரிடம் வந்துவிட்டது. அந்த அணி அப்போது உலகப் போட்டியின் இரண்டாம் நிலையான ‘பி’ பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. 1998 போட்டி சூரிக், பாசல் நகரங்களில் நடைபெற்றதால், போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையால் மட்டுமே உயர்நிலைப் பிரிவில் நுழைந்தது. அவ்வாறு நுழைந்த அணி ரஷ்யாவை 4-2 என வீழ்த்தி, அரையிறுதி வரை சென்று, நான்காம் இடத்தில் நின்றது. சொந்த ரசிகர்களின் ஊக்கத்தால் கிடைத்த வெற்றி என்று இதை ஒதுக்கிவிட எண்ணியவர்களுக்கு, இரண்டே ஆண்டுகளில், ரஷ்யாவின் சொந்த மண்ணான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதே ரஷ்ய அணியை 3-2 எனச் சுவிஸ் அணி வென்றது உரிய விடையாக அமைந்தது.

க்ரூகர் செய்தது என்ன என்பதை விளக்க வேண்டும். தேசிய அணிப் பயிற்சியாளருக்கு வீரர்கள் ஆண்டுக்குச் சில வாரங்களே கிடைப்பர். தனித்திறமையில் அவர்களைப் பெரிய நாடுகளின் நட்சத்திர வீரர்களுக்கு இணையாக்க அந்தக் காலம் போதாது. ஆகவே அவர் ஒழுங்கான தற்காப்பில் கவனம் செலுத்தினார்: ஐந்து களவீரர்களும் ஒருவருக்கொருவர் நெருக்கமாக நின்று, களத்தின் நடுப்பகுதியில் எதிரணிக்கு வழியடைத்து, தூரத்திலிருந்தும் ஓரங்களிலிருந்தும் மட்டுமே பக்கை அடிக்கும் நிலைக்குத் தள்ளி, அவர்கள் பொறுமை இழக்கும் கணத்தில் பாய்ந்து கோல் அடிப்பது. அதற்கு இணையாக, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் பேசும் பகுதிகளைச் சேர்ந்த வீரர்கள் தங்களை ஒரே அணியாக உணர்வதிலும், தோல்வியைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பாகக் கருதுவதிலும் அவர் பெரும் அக்கறை காட்டினார். இக்கருத்துகளை ‘டீம்லைஃப்’ என்ற தலைப்பில் ஜெர்மன் மொழியில் நூலாகவும் எழுதினார். ஒழுங்கு என்பதை அவர் பேச்சளவில் விட்டுவிடவில்லை: 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின்போது, விதிகளை மீறிய இரு முக்கிய வீரர்கள் போட்டி முடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சுவிஸ் அணி அந்தப் போட்டியில் முதற்சுற்றைத் தாண்டவில்லை.

அந்த முறையின் முழுப்பயன் 2006 துரின் குளிர்கால ஒலிம்பிக்கில் தெரிந்தது. பின்லாந்திடம் 0-5 எனத் தோற்றுத் தொடங்கிய அணி, செக் குடியரசை 3-2 என வென்று, பிப்ரவரி 18 அன்று நடப்பு ஒலிம்பிக் சாம்பியனான கனடாவை 2-0 என வீழ்த்தியது. என்.எச்.எல். நட்சத்திரங்கள் நிறைந்த கனடிய அணி வலையை நோக்கி அடித்த 49 அடிகளையும் கோலி மார்ட்டின் கெர்பர் தடுத்தார். இரண்டு கோல்களையும் அடித்தவர் பால் டிபியெத்ரோ. இவரும் கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்து, 1993இல் மான்ட்ரியால் அணியுடன் ஸ்டான்லி கோப்பையை வென்று, பின்னர் சுவிஸ் லீகில் ஆடி, அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற முன்கள வீரரே. கனடாவில் பிறந்த பயிற்சியாளர் வகுத்த திட்டத்தாலும் கனடாவில் பிறந்த முன்கள வீரரின் கோல்களாலும் கனடா தோற்றது என்ற உண்மை, கடல் கடந்து சென்ற இத்தகையோர் சென்ற நாட்டுடன் எவ்வளவு ஆழமாகக் கலந்தனர் என்பதற்கு மறுக்க முடியாத சான்று. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிலும் கனடாவைச் சுவிஸ் அணி 2-2 என இழுத்துப்பிடித்து, வெற்றியாளரை முடிவு செய்யும் தனிநபர் அடிகளில் மட்டுமே தோற்றது.

அத்துடன் 13 ஆண்டுப் பணி முடிவுற்றது. பிந்தைய ஆண்டுகள் சீராக அமையவில்லை. என்.எச்.எல். லீகில் எட்மன்டன் அணியின் தலைமைப் பயிற்சியாளராக ஒரு பருவமும், பஃபலோ அணியில் 2019 முதல் 2021 மார்ச் வரையும் பணியாற்றி, இரண்டிலும் நீக்கப்பட்டார். இடையே இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கால்பந்துக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். ஆயினும் 2016 ஐஸ் ஹாக்கி உலகக் கோப்பையில், எட்டு நாடுகளின் வீரர்களைச் சேர்த்து அமைத்த ‘ஐரோப்பிய அணி’யை அவர் இறுதிப் போட்டி வரை கொண்டு சென்றார். நாட்கணக்கில் மட்டுமே ஒன்றாகப் பயிற்சி செய்யக்கூடிய, வலிமையில் சற்றுக் குறைந்த வீரர்களை ஓர் அணியாக்குவதே அவருடைய தனித்திறன் என்பதும், நீண்ட பருவங்களைக் கொண்ட என்.எச்.எல். லீகில் அது போதாது என்பதும் இந்த இரு அனுபவங்களையும் ஒப்பிடும்போது புலப்படுகின்றன.

அவருடைய முறை அளவுக்கு மீறித் தற்காப்பைச் சார்ந்தது என்ற குறையும் சுவிட்சர்லாந்தில் எழுந்தது. அதில் நியாயம் உண்டு, ஏனெனில் அவர் காலத்தில் அந்த அணி ஒரு பதக்கமும் பெறவில்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஷான் சிம்ப்சன், கனடாவில் பிறந்து ஐரோப்பாவில் ஆடிய இன்னொரு முன்கள வீரர், 2013 உலகப் போட்டியில் அணியை வெள்ளிப் பதக்கத்திற்கு அழைத்துச் சென்றார். துரினில் க்ரூகரின் கீழ் ஆடிய பாட்ரிக் ஃபிஷர் பயிற்சியாளரானபோது 2018, 2024, 2025 ஆண்டுகளில் மேலும் மூன்று வெள்ளிகள் கிடைத்தன. 1998இல் போட்டி நடத்தும் உரிமையால் உள்ளே வந்த சுவிட்சர்லாந்து, அதன் பிறகு ஒரு முறைகூட உலகப் போட்டியின் உயர்நிலைப் பிரிவிலிருந்து இறங்கவில்லை.