பெட்ரோலோடு ஆயிலையும் குடிக்கும் கார்! ரோட்டரி இன்ஜினுக்கு எந்த ஆயில் சரி?

‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படங்களின் ரசிகர்களுக்கு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரைத் தெரியாமல் இருக்காது. ‘டோக்கியோ டிரிஃப்ட்’ படத்தில் ஹான் ஓட்டி வரும் அந்த ஆரஞ்சு, கறுப்பு நிற கார்தான். அதற்கு அடுத்து வந்தது ஆர்எக்ஸ்-8. இரண்டிலும் இருப்பது பிஸ்டனே இல்லாத ரோட்டரி இன்ஜின்.

ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானில் இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘எந்த ஆயில் ஊற்றுவது?’ இதில் அலட்சியமாக இருந்தால் செலவு சில ஆயிரத்தோடு முடியாது, இன்ஜினே போய்விடும். ஏன் அப்படி? பார்க்கலாம்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

சாதாரண காரில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ரோட்டரியில் முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று, நீள்வட்டம் போன்ற அறைக்குள் சுழலும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் ‘ஏபெக்ஸ் சீல்’ எனப்படும் மெல்லிய உலோகப் பட்டைகள் இருக்கும். சுவரை உரசிக்கொண்டே ஓடி, காற்றும் பெட்ரோலும் கசியாமல் தடுப்பது இவைதான்.

ஆர்எக்ஸ்-8 காரில் தலா 654 சிசி-யில் இரண்டு ரோட்டர்கள். அதாவது மொத்தம் ஆறு ஏபெக்ஸ் சீல்கள். இவை தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அதற்குப் பிறகு இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதுதான் வழி.

ஆயில் குறைவது கோளாறா?

இல்லை. இங்குதான் பலர் குழம்பிப் போகிறார்கள். சாதாரண காரில் ஆயில் குறைந்தால் ஏதோ பிரச்னை என்று அர்த்தம். ரோட்டரியில் ஆயில் குறையத்தான் வேண்டும்.

காரணம், ஏபெக்ஸ் சீல்களுக்கு வழவழப்பு வேண்டும் என்பதால், சிறிய பம்ப் ஒன்று இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரிபொருள் எரியும் அறைக்குள்ளேயே செலுத்தும். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். நம்ம ஊர் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் 2டி ஆயில் தனி டேங்கில் இருந்து போகுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். இங்கே தனி டேங்க் இல்லை, இன்ஜின் ஆயிலே அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

ஆக, இந்த ஆயிலுக்கு இரண்டு வேலை. இன்ஜினுக்குள் சுற்றும்போது பாதுகாக்க வேண்டும். அறைக்குள் போனால் கரி, சாம்பல் அதிகம் விடாமல் எரிய வேண்டும். ஆயில் தேர்வில் வரும் எல்லா விவாதத்துக்கும் மூலகாரணம் இதுதான்.

5டபிள்யூ-20-ஆ, 5டபிள்யூ-30-ஆ?

‘டபிள்யூ’ என்றால் விண்டர். முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்லும். இரண்டாவது எண், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்லும்.

ஆர்எக்ஸ்-8 காருக்கு அமெரிக்காவில் மாஸ்டா சொன்னது 5டபிள்யூ-20. ஐரோப்பாவில் 5டபிள்யூ-30. ஒரே இன்ஜின், இரண்டு பரிந்துரை! அமெரிக்காவின் மைலேஜ் விதிகளுக்காகவே மெல்லிய ஆயிலைச் சொன்னார்கள் என்பது அங்குள்ள பல உரிமையாளர்களின் நம்பிக்கை. ரோட்டரியில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை இன்னும் நீர்க்க வைக்கும் என்பதால், வெயில் அதிகமுள்ள இடங்களில் 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30 ஊற்றுபவர்கள் அதிகம்.

சிந்தெடிக் ஊற்றலாமா?

சிந்தெடிக் ஆயில் சுலபத்தில் எரியாது, அறைக்குள் படிவு விடும் என்ற பயம் ரோட்டரி உலகத்தில் ரொம்ப நாளாக உண்டு. அமெரிக்காவில் மினரல் ஆயில் பக்கமே பலர் நிற்பதற்கு இதுதான் காரணம். அதே நேரம், ஜப்பானின் இடெமிட்சு நிறுவனம் ரோட்டரிக்கென்றே சிந்தெடிக் ஆயில் விற்கிறது. பிரச்னை ‘சிந்தெடிக்’ என்ற பெயரில் இல்லை, அது எப்படி எரிகிறது என்பதில்தான்.

பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பது ஏன்?

சீல்களுக்குக் கூடுதல் வழவழப்பு கிடைக்கட்டும் என்று சிலர் லிட்டருக்கு 4 முதல் 8 மி.லி வரை 2டி ஆயிலை பெட்ரோல் டேங்கில் கலக்கிறார்கள். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 2009 மாடல் ஆர்எக்ஸ்-8 காரில் ஒவ்வொரு ரோட்டருக்கும் ஆயில் செலுத்தும் முனைகளை இரண்டிலிருந்து மூன்றாக மாஸ்டாவே உயர்த்தியது. அதற்கு முன் வந்த 2004–2008 மாடல்களுக்கு, அமெரிக்காவில் இன்ஜின் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என நீட்டிக்கவும் வேண்டி வந்தது.

ஆனால், அளவு மீறிக் கலந்தால் புகையும் கரியும்தான் மிச்சம்.

மறக்கக் கூடாதவை

• பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவுக் குச்சியைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
• காருக்கான கையேட்டில், உங்கள் நாட்டுக்குச் சொல்லப்பட்ட கிரேடில் இருந்து தொடங்குங்கள்.
• ‘அதான் அடிக்கடி ஆயில் ஊற்றுகிறோமே’ என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பழைய அழுக்கு உள்ளேயேதான் இருக்கும். சுமார் 5,000 கி.மீ-க்கு ஒருமுறை மாற்றுவது ரோட்டரி உரிமையாளர்களின் வழக்கம்.
• பழைய ஆர்எக்ஸ்-8 வாங்குவதாக இருந்தால், ரோட்டரிக்கான கருவியில் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். ‘இந்த கார் ஆயிலே குடிக்காது’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், உஷார்! ஆயில் பம்ப் வேலை செய்யாமலும் இருக்கலாம்.

எந்த பிராண்டு என்ற சண்டை இப்போதைக்கு ஓயாது. ஆனால் சுமாரான ஆயில் சரியான அளவில் இருந்தால் ரோட்டரி ஓடும். உலகத்தின் விலை உயர்ந்த ஆயிலாகவே இருந்தாலும், அளவு குறைந்துபோனால் அவ்வளவுதான்!