பூமியின் மீது பழி போடலாமா?

"பூமி சீறியது, மக்கள் மாண்டனர்" என்று கூறிக் கைகழுவுவோர் உண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை.

2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தது. 200 கிலோ மீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்கு மாடிகள் பல நொறுங்கி வீழ்ந்தன. அதே நகரில் எத்தனையோ கட்டடங்கள் அசையாது நின்றன. ஏன் இந்த வேற்றுமை?

வீழ்ந்தவற்றில் பலவற்றின் கீழ்த்தளம், கார் நிறுத்துவதற்காகச் சுவரின்றி விடப்பட்டது. மேலே மாடிதோறும் செங்கற்சுவர். கீழே வெறும் தூண்கள்! நிலம் ஆடியபோது மேல்மாடிகள் ஒரே கட்டியாக நகர்ந்தன. வளைந்து கொடுக்கும் வேலை முழுவதும் கீழ்த்தூண்கள் மீதே விழுந்தது. அவை ஒடிந்தன.

ஆட்டம் மட்டுமா? முறுக்கமும் உண்டு. லிப்டைச் சுற்றிய கனத்த சுவர் ஒரு மூலையில். மெலிந்த தூண்கள் மறுபுறம். வண்டியின் ஒரு சக்கரம் சேற்றில் சிக்கி, மறு சக்கரம் ஓடினால் வண்டி திரும்பிவிடாதா? கட்டடமும் அப்படியே முறுகும். எதிர்மூலைத் தூண்களுக்கே பேரடி.

மருந்து இல்லையா? உண்டு. தூணின் கம்பி வளையங்களை நெருக்கமாகக் கட்டி, முனைகளை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்கினால், கான்கிரீட் சிதறாமல் தாங்கும். இதைச் சொல்லும் இந்தியத் தர விதி 1993லேயே வந்துவிட்டது. ஏட்டில் இருந்தது விதி. எத்தனை தூண்களில் இருந்தது?

கம்பியை வளைப்பது தொழிலாளியின் கை. எத்தனை வளையம் என்று முடிவு செய்வது அவன் கையல்ல. ஆகவே கேட்கிறோம்: கான்கிரீட் கொட்டுமுன் வரைபடத்தைக் காட்டுங்கள். வளையங்களை எண்ணிப் பார்ப்போம்!